மனப்பாடமான பாட்டுக்குத் தட்டு எதற்கு?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மறைந்த என் தந்தையார் சேர்த்து வைத்த பழைய 78 சுற்று இசைத்தட்டுகள் நாற்பதுக்கு மேல் எங்கள் வீட்டில் இருக்கின்றன. சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் பெட்டியும் இன்னும் பாடுகிறது. ஆளில்லாத் தீவு ஒன்றில் தனியே விடப்படுவதானால் இவற்றில் எந்த எட்டை எடுத்துச் செல்வது என்று, எதிரே தெரியும் தீவுகளைப் பார்த்தபடி நானும் என் தமையனாரும் ஒரு மாலை முழுவதும் வாதாடினோம், முடிவுக்கு வரவில்லை. தாங்களாக இருந்தால் எவற்றை எடுப்பீர்கள்? எதை வைத்துத் தேர்ந்தெடுப்பீர்கள்?
— ஒரு வாசகர், மண்டபம்

பதில்: எட்டு என்ற கணக்கு பிபிசி வானொலியிலிருந்து வந்தது. 1942-இல் தொடங்கிய ஒரு நிகழ்ச்சியில், வருகின்ற விருந்தினரிடம் தனித்தீவுக்கு எடுத்துச் செல்லும் எட்டு இசைத்தட்டுகளைக் கேட்பது வழக்கம். இலண்டனில் இருப்பவர்கள் தீவைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். தங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. பாம்பன் பக்கம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றிக் கால் வைக்க முடியாது என்பதால், நம் பேச்சால் எந்தத் தீவுக்கும் கேடு இல்லை. நான் நல்லதண்ணித் தீவைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். பெயரையாவது நம்பலாம் அல்லவா?

தேர்ந்தெடுப்பதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: மனப்பாடமாகிவிட்ட பாட்டைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். தங்கள் தந்தையாரின் பெட்டியில் எம்.கே. தியாகராஜ பாகவதர் தட்டு ஒன்றேனும் இருக்கும். அதிலும் 1944-இல் வெளிவந்து சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைப் பார்த்த ‘ஹரிதாஸ்’ படத்துப் பாட்டாக இருந்தால், தாங்களும் தமையனாரும் முதலில் கை வைத்தது அதன்மேல்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பாட்டு படகு புறப்படுவதற்கு முன்பே தங்கள் வாய்க்கு வந்துவிடும். எம்.எஸ். சுப்புலட்சுமி ‘மீரா’ படத்தில் பாடியவையும் அப்படித்தான். நினைத்தவுடன் முழுவதும் காதில் ஒலிக்கின்ற பாட்டுக்காக எட்டில் ஓர் இடத்தைக் கொடுப்பது, தலையில் தொப்பி இருக்கும்போது இன்னொன்றைக் கையில் தூக்கிக்கொண்டு போவதைப் போன்றது. நம்மால் முணுமுணுக்க முடியாதது எதுவோ அதற்குத்தான் தட்டு வேண்டும்.

ஆகவே என் முதல் தட்டு டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத் தோடி. அதை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன்; இன்றும் அடுத்த பிடி எங்கே போகும் என்று என்னால் சொல்ல முடிவதில்லை. கோயில் வீதியில் இரவு முழுவதும் ஒரே ராகத்தை வாசித்துப் பழகிய வித்துவான்களைப் பத்து அங்குலத் தட்டு மூன்று நிமிடச் சொச்சத்துக்குள் அடக்கிவிட்டது. பக்கம் முடிகின்ற இடத்தில் ஊசி உள்வட்டத்துக்குள் வழுக்கிச் சென்று, ராகம் நின்றபின்பும் ‘சர், சர்’ என்று தேய்த்துக்கொண்டே இருக்கும். நாம் எழுந்து, ஊசி பொருத்திய தலையைத் தூக்கி, தட்டைப் புரட்டி, ஊசியை மாற்றி, சாவி கொடுக்க வேண்டும். இதைக் குறை என்று பலர் சொல்வார்கள். வேறு வேலை இல்லாத தீவில் எனக்கு அது வேலையாக இருக்கும்.

இரண்டாவது, நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா. பேசும் படங்கள் தமிழில் காலூன்றிய வேளையில், 1933-இல், இருபத்தேழாம் வயதில் அவர் மறைந்தார்; திரையில் அவர் முகம் இல்லை. மேடையில் கேட்டவர்களும் போய்விட்ட இன்று, அந்தக் குரல் இருப்பது அரக்குத் தட்டுகளில் மட்டுமே. உச்ச ஸ்தாயியில் அவர் நின்று பேசுகின்ற இடத்தை நாம் பாடிப் பார்த்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். என் விதிக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது.

மூன்றாவதாக எம்.எஸ். சுப்புலட்சுமியையே எடுப்பேன், ஆனால் திரைப்பாடகியை அல்ல, 1926-இல் பத்து வயதுச் சிறுமியாக, தாயார் சண்முகவடிவின் வீணையோடு பாடிப் பதிவு செய்தவரை. பின்னாளில் உலகம் அறிந்த குரல் அதில் இன்னும் வந்து சேரவில்லை. வரப்போகிறது என்பது மட்டும் தெரிகிறது.

வீணை தனம்மாள் தட்டைப் பற்றி எனக்கே தயக்கம் உண்டு. சென்னையில் அவர் வீட்டு வெள்ளிக்கிழமைக் கச்சேரிகளில் கேட்பவர்கள் மூச்சு விடவும் யோசித்தார்கள் என்பார்கள். அத்தனை மெல்லிய வாசிப்பு. தங்கள் ஊரார் வடக்கே உள்ள பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வது வழக்கம். நம் தீவுகளோ ஆண்கடலில் இருக்கின்றன. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசுகின்ற மாதங்களில் அங்கே தனம்மாளைப் போட்டால் அலைதான் கேட்கும். வாடை தொடங்கித் தென்கடல் அடங்கும் வரை அந்தத் தட்டை உறையிலிருந்து எடுக்காமல் காத்திருக்க வேண்டும். ஆண்டில் பாதி நாள் கேட்க முடியாத தட்டை எடுத்துச் செல்வது மடமைதான். இருந்தாலும் எடுப்பேன், காத்திருப்பதற்கும் ஏதேனும் ஒன்று இருக்கட்டும்.

ஐந்தாவது, என் பாட்டனாரின் தட்டு ஒன்று. விளிம்பிலிருந்து நடுச்சீட்டு வரை மயிரிழை போல ஒரு விரிசல் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசி அதில் ஒருமுறை இடறும். ஆக நிமிடத்துக்கு 78 முறை, வள்ளத்து எஞ்சின் தூரத்தில் போவதைப் போல ‘டக் டக்’ என்ற சத்தம் வரும். பாடியவர் பெயர் நடுச்சீட்டில் தேய்ந்துபோயிற்று. பாட்டும் சுமார்தான், அந்த ‘டக் டக்’ இல்லாத நல்ல படி ஒன்று எனக்குப் பின்னர் கிடைத்தது, அதை ஒரு முறைக்கு மேல் கேட்கவில்லை.

ஆறாவதைக் கீழே அடுத்த வாசகிக்குச் சொல்கிறேன். எஞ்சிய இரண்டு இடங்களுக்கும் நான் ஒருபோதும் கேட்டிராத தட்டுகளைப் பழைய சாமான் கடையில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். மனப்பாடமாகாதவை வேண்டும் என்று சொன்னபின் இதற்கு அஞ்சக் கூடாது. தங்கள் தந்தையாரின் பெட்டியிலும் தாங்கள் இதுவரை போட்டுப் பாராத தட்டு இரண்டேனும் அடியில் இருக்கும். நடுச்சீட்டில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று கண்டால் கூடுதல் கவனம் கொடுங்கள்: அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த காரைக்குடியில், தந்தையாரின் கடையில் இசைத்தட்டு விற்கத் தொடங்கிய மெய்யப்பச் செட்டியார், ஏவி.எம். ஆவதற்கு முன் சென்னையில் நடத்திய நிறுவனம் அது.

கேள்வி: எங்கள் தெருக் கல்யாண வீடுகளில் குழாய் கட்டி, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனத் தட்டைப் போடுவார்கள், அதைக் கேட்டு வளர்ந்தேன். நாகூர் ஹனிபா பாட்டும் அப்படியே. இவை இரண்டும் இல்லாத தீவுக்கு நான் போக மாட்டேன். நெடுந்தட்டைக் கிராமபோன் பெட்டியில் போடலாமா?
— ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: போடவே கூடாது, அம்மா. தங்களிடம் உள்ள வசனத் தட்டு வினைல் நெடுந்தட்டு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடுவது. அதில் முள் ஓடுகின்ற வரி மிக நுண்ணியது. கிராமபோனின் தலை, நெடுந்தட்டுக் கருவியின் முள்ளைக் காட்டிலும் பல மடங்கு கனத்தோடு அழுத்தும். ஒரே ஓட்டத்தில் எஃகு ஊசி அந்த வரிகளை உழுதுவிடும். நெடுந்தட்டுக்கு மின்சாரம் வேண்டும். தீவில் அது இல்லை.

கட்டபொம்மனை விட்டுவிட மனம் வராது என்பது புரிகிறது. 1798-இல் கட்டபொம்மன் ஜாக்சன் துரையைச் சந்தித்ததே தங்கள் மாவட்டத் தலைநகரில், இராமலிங்க விலாசம் அரண்மனையில்தான். அந்த வசனத்தின் மேல் இராமநாதபுரத்துக்காரர்களுக்குத் தனி உரிமை உண்டு. ஆனால் என் விதியை நினைத்துப் பாருங்கள்: கிஸ்தி என்று ஒருவர் தொடங்கினால் போதும், தங்கள் தெருவில் எத்தனை பேர் மிச்சத்தை முடித்து வைப்பார்கள்? தீவில் நின்று தாங்களே முழங்கலாம். எதிர்த்துப் பேச ஜாக்சன்தான் இருக்க மாட்டார்.

ஹனிபா விஷயத்தில் மட்டும் நான் என் விதியை மீறுகிறேன். இராமநாதபுரத்தில் பிறந்து நாகூரைப் பெயரில் தாங்கிய அவருடைய 78 சுற்றுத் தட்டு ஒன்று கிடைத்தால், அதுவே என் ஆறாவது தட்டு. அவர் பாட்டு எனக்கு மனப்பாடம்தான். ஆனால் ஒலிபெருக்கியைத் தேடாத அந்தக் குரல் கூட்டத்தை நோக்கியே பாடுகிறது. எதிரே ஆயிரம் பேர் அமர்ந்திருப்பதாக நம்ப வைக்கிறது. நான் முணுமுணுத்தால் அந்த ஆயிரம் பேர் வர மாட்டார்கள்.

கேள்வி: எட்டுத் தட்டுக்கு எத்தனை ஊசி வேண்டும்? உப்புக் காற்றில் தட்டின்மேல் வெள்ளையாகப் படிவதை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?
— ஒரு வாசகர், தொண்டி

பதில்: இரண்டாவதற்கு முதலில் விடை: ஸ்பிரிட்டைக் கிட்டே கொண்டுவராதீர்கள். 78 சுற்றுத் தட்டு என்பது அரக்கும் கல்தூளும் புகைக்கரியும் சேர்த்து அழுத்தியது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மரச் சாமானுக்கு மெருகு போடுகின்ற தச்சர் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத்தானே பூசுகிறார்? இது தெரியாத வயதில் நான் ஒரு தட்டைத் துடைத்தேன், துணியில் கறுப்பாக வந்தது அழுக்கு என்று மகிழ்ந்து இன்னும் அழுத்தித் துடைத்தேன், வந்தது பாட்டு. மெல்லிய துணியை நல்ல நீரில் நனைத்துப் பிழிந்து, வரியோடு வரியாகத் துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் அப்பளம் போல நெளிந்துவிடும்.

எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. கல்தூள் ஊசி முனையை அரைத்துத் தட்டையாக்கிவிடும். அந்த விளிம்பு அடுத்த பக்கத்தைச் சீவும். எட்டுத் தட்டுக்குப் பதினாறு பக்கம். நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கேட்டால், 200 ஊசி கொண்ட தகர டப்பி பன்னிரண்டரை நாளில் காலி. ஆண்டுக் கணக்கில் தங்குவதானால் கட்டாது. மேனாட்டார் மூங்கிலையும் கள்ளி முள்ளையும் சீவி ஊசியாகப் பயன்படுத்தினார்கள். நம் மாவட்டத்தில் முள்ளுக்கா பஞ்சம்? நன்கு காய்ந்த சீமைக் கருவேல முள்ளைப் பொருத்திப் பார்த்தேன். ஒலி பாதியாகக் குறைந்தது. தோடி ஒரு பக்கம் முழுவதும் ஓடியது. கிட்டப்பா உச்சத்துக்குப் போனபோது முனை நைந்து, குரல் கம்பளிக்குள் போய்விட்டது. ஆகவே கிட்டப்பாவுக்கு மட்டும் எஃகு ஊசியை ஒதுக்கி வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு ஒரு சாக்கு முள்ளும், முனையை அவ்வப்போது சீவிக்கொள்ள ஒரு பேனாக்கத்தியும் எடுத்துச் செல்லுங்கள்.