மக்குவதும் அழுகுவதும்

அன்புள்ள ஐயா,

சென்ற கட்டுரையில் 'பிளாஸ்டிக் அழுகாது' என்று எழுதியிருந்தீர்கள். 'மக்காது' என்பதல்லவா சரி? இரண்டும் ஒன்றுதானா? குப்பைத் தொட்டிகளில் 'மக்கும்' என்றும் 'மட்கும்' என்றும் பார்க்கிறேன். எதை எழுதுவது?

ஆர்.

அன்புள்ள ஆர்,

'மக்காது' என்றே நான் எழுதியிருக்க வேண்டும். திருத்திவிட்டேன்.

மட்கும், மக்கும் இரண்டும் ஒரே சொல்தான். வெட்கம் பேச்சில் வெக்கம் ஆவதைப் போல. இலங்கையில் 'உக்கும்', 'உக்காத' என்பார்கள். எதையும் எழுதலாம்.

அழுகுவது வேறு. இலைதழைக் குவியலில் காற்று புகுந்தால் நுண்ணுயிர்கள் வேலை செய்து நடுப்பகுதி 60 பாகை வரை சூடேறும். அது மக்கி, மண்வாசனையோடு எருவாகும். அதே குவியலில் நீர் தேங்கிக் காற்று அடைபட்டால் கொழகொழத்து நாறும், மீத்தேன் வெளியேறும். அது அழுகல். பொருள் ஒன்றுதான், போகிற வழி இரண்டு. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. சமைத்தது ஊசும், மரம் உளுக்கும், கயிறு இற்றுப்போகும், துணி நைந்துபோகும். எல்லாவற்றையும் 'கெட்டுப்போனது' என்ற ஒன்றில் அடைத்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஆனால் மக்காதவற்றுக்கு நம்மிடம் தனி வினை இல்லை. 'மக்கும்' என்பதை மறுத்து 'மக்காத' என்கிறோம். கேட்பவருக்கு அது 'அப்படியே கிடக்கும்' என்று படுகிறது. போன வாரம் எருக்குழியைக் கிளறினேன். ஓர் இலை நரம்பு மட்டும் வலையாக மிஞ்சியிருந்தது. விரல் பட்டதும் மண்ணோடு கலந்துவிட்டது. அருகே ஒரு பழைய பை. எழுத்துகள்கூட அழியவில்லை. எடுத்தால் செதில் செதிலாக உதிர்ந்தது. அந்தச் செதில்கள் மேலும் பொடிந்து, 5 மில்லிமீட்டருக்கும் சிறிதானால் நுண்பிளாஸ்டிக். அந்தப் பை மாறத்தான் செய்கிறது. ஆனால் அதற்குப் பெயர் பொடிதல், மக்குதல் அல்ல.

அதனால்தான் 'சிதையும் பை' என்ற அச்சைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. சிதைவது எல்லாம் மக்குவதாகாது. 'மக்கும்' என்று அச்சிட்டவற்றிலும் பாலிலாக்டிக் அமிலத்தால் (தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் ஒருவகைப் பிளாஸ்டிக்) ஆனவை, 60 பாகை அளவு வெப்பத்தைத் தொடர்ந்து காக்கும் உர ஆலைகளில்தான் ஒழுங்காக மக்கும். தோட்டத்து மண்ணில் புதைத்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். எங்கே, எந்தச் சூட்டில் மக்கும் என்பதையும் அந்தப் பையிலேயே அச்சிட வேண்டும்.