பல்லு புடுங்கப் போனவர்கிட்ட சிகரெட்டைப் பத்தி எதுக்குக் கேக்கறாங்க?

ரங்கூன் பக்கத்துல தன்லின்ல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. வீட்டுக்காரருக்கு 48 வயசு, ஒரு நாளைக்கு சிகரெட் 15, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு சுருட்டு, இடையில ரெண்டு மூணு குன்யா (புகையிலை வச்சு மடிச்ச வெத்தலை பாக்கு). கீழ் கடவாப்பல்லு ஆடுதுன்னு ரங்கூன்ல ஒரு பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்காங்க, அவரு வாயைப் பாத்துட்டு "எத்தனை வருசமா பிடிக்கறீங்க, விடணும்னு எப்பவாவது நெனச்சதுண்டா"ன்னு கேட்டிருக்காரு. இவரு வெளிய வந்ததும் "பல்லைப் புடுங்கச் சொன்னா புத்தி சொல்றான்"னு ஒரே கோவம். அடுத்த வாரம் புடுங்க நாள் குடுத்திருக்கு. தங்கச்சி கேக்கறது ரெண்டு: இதுல பல் டாக்டருக்கு என்ன வேலை, அவரால நிஜமாவே நிறுத்த வைக்க முடியுமா? கடைசியில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்காங்க, "வருசா வருசம் தீமிதிக்கு காப்பு கட்டுனா பத்து நாள் தொடவே மாட்டாரு, தீ இறங்கி முடிச்ச அன்னிக்கு சாயங்காலமே பத்த வச்சிடுவாரு"ன்னு.

அந்தக் கடைசி வரியிலதான் பாதி பதில் இருக்கு, அதுக்குக் கொஞ்சம் பொறுத்து வரேன்.

முதல்ல பல் டாக்டருக்கு என்ன வேலைங்கறது. நுரையீரல் கெட்டுப் போனா வெளிய தெரிய வருசக்கணக்காகும், வாயி அப்படி இல்ல, நாற்காலியில சாஞ்சு ஆ-ன்னு திறந்தாலே கண்ணுக்குத் தெரியுது. மேல் அண்ணம் வெளுத்துப் போயி அதுல செவப்பா சின்னச் சின்னப் புள்ளி இருந்தா சூடான புகை பட்டுப் பட்டு ஆனது, கன்னத்துக்கு உள்பக்கம் வெள்ளைத் திட்டு இருந்தா குன்யா அடக்கற இடம் எதுன்னு பல் டாக்டருங்க நாங்களே சொல்லிடுவோம். இதை ஒரு கண்ணாடியில அவரு கண்ணாலயே பாக்க வைக்க முடியும். இந்த வசதி வேற டாக்டருக்கு அவ்வளவா கிடையாது.

ஈறு விசயத்துல ஒரு ஏமாத்து வேலை நடக்குது, அதை நல்லா புரிஞ்சுக்கோங்க. சாதாரணமா ஈறு கெட்டா பிரஷ் பண்ணும்போது ரத்தம் வரும், மனுசன் பயந்து டாக்டர்கிட்ட வருவான். புகை பிடிக்கறவங்களுக்கு ஈறுல இருக்கற சின்ன ரத்தக்குழாயெல்லாம் சுருங்கிடும், ரத்தம் வராது, "என் ஈறு கல்லு மாதிரி டாக்டர்"னு பெருமையா சொல்வாங்க, எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா பல்லைப் புடிச்சிருக்கற எலும்பு பாதி கரைஞ்சிருக்கும். உங்க வீட்டுக்காரர் பல்லு ஆடறதுக்கும் இதுவாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணுது, இருந்தாலும் ஒருதடவை சக்கரையும் டெஸ்ட் பண்ணிடுங்க, அதுவும் பல்லை ஆட்டி வைக்கும்.

இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணமானது. நம்ம ஆளுங்க காய்ச்சல்னா ஒருதடவை டாக்டரைப் பாத்து மாத்திரை வாங்கிட்டு அதோட சரி, பல்லு அப்படி இல்ல, வேர் சிகிச்சைக்கு மூணு தடவை, சுத்தம் பண்ண ஒரு தடவை, கட்டுப்பல்லுக்கு நாலு தடவைன்னு ஒரே டாக்டர்கிட்ட திரும்பத் திரும்ப வரணும். ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு நிமிசம் இதைப் பேசினா போதும். 2021ல காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பாக்கற ஒரு அமைப்புல பல் டாக்டருங்க செஞ்ச இந்த மாதிரி ஆலோசனையைப் பத்தின 20 ஆய்வுகளைச் சேத்துப் பாத்தாங்க, மொத்தம் கிட்டத்தட்ட 15,000 பேரு, பல் டாக்டர் பேசினவங்கள்ல கூடுதலா ஆளுங்க விட்டிருக்காங்க, பேச்சோட நிக்கோட்டின் மருந்தும் (புகை இல்லாம நிக்கோட்டினை மட்டும் குடுக்கற பட்டை, கம் மாதிரி) சேந்தா பலன் நல்லாவே தெரிஞ்சுது. மந்திரம்லாம் இல்ல, அதையும் சொல்லிடறேன். யாரோட உதவியும் இல்லாம தானா விடறேன்னு கிளம்பற 100 பேர்ல ஒரு வருசம் தாண்டி நிக்கறது 3ல இருந்து 5 பேருதான், அதுனாலதான் கூட ஒரு ஆளு வேணும்ங்கறோம்.

நம்ம பர்மாவுல இது சின்ன விசயமும் இல்ல. 2014ல நாடு முழுக்க எடுத்த கணக்குல ஆம்பளைங்கள்ல 100க்கு 44 பேரு புகை பிடிக்கறவங்க, 62 பேரு மெல்லற புகையிலை போடறவங்க. பர்மாக்காரங்க பேச்சுல மருந்துக்கும் ஸே, புகையிலைக்கும் ஸே, ரெண்டுக்கும் ஒரே சொல்லு, எங்க ஸயா (வாத்தியார்) ஒருத்தர் இதைச் சொல்லித்தான் வகுப்பையே ஆரம்பிப்பாரு. 2016ல இருந்து பாக்கெட்டுல 75 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போடணும்னு இருக்கு, ஆனா டீக்கடையில ஒண்ணு ரெண்டா சில்லறைக்கு வாங்கறவர் கண்ணுல அந்தப் படம் எங்க படப்போகுது.

அவரு கோவப்பட்டதைப் பத்தி ஒண்ணு சொல்லணும், தப்பு முழுக்க அவருது இல்ல. நானும் புதுசுல ஒரு பெரியவரை "இப்படியே ஊதினா ஒரு பல்லும் மிஞ்சாது"ன்னு சத்தம் போட்டேன், அவரு அமைதியா எழுந்து போனாரு, திரும்ப வரவே இல்ல. இப்ப நான் கேக்கற விதமே வேற. விடுங்கன்னு எடுத்தவுடனே சொல்றதில்ல, காலையில கண்ணு முழிச்சு எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்டுன்னு கேப்பேன். ஒரு நாளைக்கு எத்தனைங்கறதை விட இந்த ஒரு கேள்வி அதிகமா காட்டிக் குடுக்கும். அரைமணி நேரத்துக்குள்ளன்னா உடம்பு நிக்கோட்டினுக்கு நல்லாவே அடிமைப்பட்டிருக்கு, வெறும் மனஉறுதியை வச்சு அவரைத் தள்ளி விடறது நியாயமில்ல, மருந்து வேணும். உங்க டாக்டரும் "எப்பவாவது நெனச்சதுண்டா"ன்னுதான் கேட்டிருக்காரு, அது நல்ல கேள்வி, புத்தி சொல்றது இல்ல.

இப்ப காப்பு விசயத்துக்கு வரேன். நிக்கோட்டின் நின்னா வர்ற எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, யாரைப் பாத்தாலும் கடிச்சு வைக்கற கோவம், இதெல்லாம் முதல் ரெண்டு மூணு நாள்தான் உச்சம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கி ரெண்டுல இருந்து நாலு வாரத்துல அடங்கும். அப்படின்னா உங்க வீட்டுக்காரரு வருசா வருசம் அந்த மோசமான பகுதியை ஒரு மருந்தும் இல்லாம தாண்டிட்டு, கரை ஏறினப்புறம் திரும்பி ஆத்துக்குள்ள குதிக்கறாரு! அவரால முடியாதுங்கற பேச்சே கிடையாது. காப்பு நாள்ல கோயில்ல இருப்பாரு, டீக்கடை இல்ல, கூட்டாளிங்களும் பிடிக்க மாட்டாங்க, யாரும் நீட்ட மாட்டாங்க. காப்பு அவுத்ததும் அதே டீக்கடை, அதே பெஞ்சு, சாப்பாட்டுக்கு அப்புறம் அதே கை பழக்கம். உடம்பு விட்டாலும் அந்த இடமும் நேரமும் அவரை விடல.

அடுத்த வாரம் பல்லு புடுங்கறாங்க இல்லையா, அந்த நாளையே நிறுத்தற நாளா வச்சுக்கோங்க. பல்லு புடுங்கின குழியில ரத்தம் உறைஞ்சு மூடி போட்ட மாதிரி நிக்கும், புகையை உறிஞ்சி இழுக்கும்போது அது பிச்சுக்கிட்டு வரலாம், புகையே ரத்த ஓட்டத்தைக் குறைச்சு ஆற விடாது, மூடி போனா உள்ள எலும்பு காத்துல படும், ட்ரை சாக்கெட்னு சொல்வோம், மூணாம் நாள் வாக்குல வலி காது வரைக்கும் இழுக்கும், பிரசவ வலி மாதிரின்னு ஒரு அம்மா எங்கிட்ட சொன்னாங்க. அதுனால குறைஞ்சது 3 நாள் புகை கூடவே கூடாதுன்னு எந்தப் பல் டாக்டரும் சொல்லுவாரு. நிக்கோட்டின் உச்சமா படுத்தற 3 நாளும் புண்ணு ஆறற 3 நாளும் ஒண்ணா வருது பாருங்க, எப்படியும் பட வேண்டிய கஷ்டம், ஒரே தடவையா பட்டுடலாம், டீக்கடையில யாராவது நீட்டினாலும் "பல்லு புடுங்கியிருக்கேன்"னு சொல்ல கௌரவமான காரணமும் கையில இருக்கு.

மருந்துன்னு பாத்தா அவருக்கு முதல்ல தோல்ல ஒட்டற நிக்கோட்டின் பட்டைதான் சரி, ஏன்னா வாயில புண்ணு இருக்கும், பல்லும் ஆடுது, சூயிங்கம் மெல்ல வசதிப்படாது. ஒரு நாளைக்கு 10 சிகரெட்டுக்கு மேலன்னா வழக்கமா 21 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு 6 வாரம், அப்புறம் 14ல 2 வாரம், 7ல 2 வாரம். தினமும் ஒட்டற இடத்தை மாத்தணும், ராத்திரி கெட்ட கனவா வந்தா படுக்கும்போது எடுத்துடலாம். குழி ஆறினப்புறம் திடீர்னு ஆசை வர்ற நேரத்துக்கு மட்டும் கூட 2 மில்லிகிராம் கம் வச்சுக்கலாம், ரெண்டும் சேந்தா ஒண்ணை விட நல்லா வேலை செய்யும். ஆனா கம்மை சும்மா கம் மாதிரி மென்னு தள்ளக்கூடாது, மெதுவா நாலஞ்சு கடி, காரமா ஒரு ருசி வந்ததும் கன்னத்துல ஒதுக்கி வைக்கணும், அடங்கினதும் மறுபடி கடி, அரைமணி நேரம் இப்படி. விடாம மென்னா விக்கலும் வயித்தெரிச்சலும்தான் மிச்சம். சமீபத்துல ஹார்ட் அட்டாக் வந்தவங்க, கர்ப்பமா இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம எதையும் தொட வேண்டாம்.

காப்பி, கோலா, எலுமிச்சை ஜூஸ் குடிச்சு கால்மணி நேரத்துக்குள்ள கம் போட்டா பிரயோஜனமில்ல, புளிப்பு வாயில இருந்தா நிக்கோட்டின் கன்னத்து வழியா ஏறாது. இதே கணக்குத்தான் குன்யாவுல தலைகீழா வேலை செய்யுது, வெத்தலையில தடவற சுண்ணாம்பு இருக்கே, அதுதான் புகையிலையில இருக்கற நிக்கோட்டினை வேகமா உள்ள ஏத்தி விடுது. அந்தக் காலத்து ஆளுங்க கெமிஸ்ட்ரி படிக்காமலே கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க!

அதுனால சிகரெட்டை விட்டுட்டு குன்யாவைக் கூட்டறது விட்டதாவே ஆகாது. எங்கிட்ட வர்றவங்கள்ல நிறையப் பேரு இந்த இடத்துலதான் வழுக்கறாங்க, "சிகரெட்டை விட்டுட்டேன் டாக்டர்"னு சொல்ற வாயி செக்கச்செவேல்னு இருக்கும். புகையிலை இல்லாம வெறும் பாக்கு போட்டா பரவாயில்லைன்னும் சிலர் சொல்றாங்க, பாக்கே புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே முதல் வகுப்புல, அதாவது சந்தேகமே இல்லைங்கற பட்டியல்ல, போட்டாச்சு, புகையிலை இருந்தாலும் இல்லாட்டியும். வருசக்கணக்கா பாக்கு போட்டா கன்னம் உள்ள விறைச்சு வாயே திறக்க முடியாமப் போகும், அவரைத் தன் கையாலயே மூணு விரலை அடுக்கி வாய்க்குள்ள நுழைச்சுப் பாக்கச் சொல்லுங்க, போகலைன்னா பல் டாக்டர்கிட்ட தனியா சொல்லணும். ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு, வழிச்சாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரி செவப்புத் திட்டு இதெல்லாம் இருந்தா வலி இல்லைன்னு விடக்கூடாது, அதுல துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். சுருட்டு பத்தி ஒண்ணே ஒண்ணு, இலையில சுத்தினது, பேப்பர் இல்ல, இயற்கைன்னு சொல்லி யாராவது வந்தா கேக்காதீங்க, இலை எரிஞ்சாலும் அதுவும் புகைதான்.

விட்டப்புறம் வர்ற சில விசயத்தை முன்கூட்டியே அவருக்குச் சொல்லி வைங்க, இல்லைன்னா பயந்து திரும்பிடுவாரு. சுருங்கின குழாய் விரியறதால கொஞ்ச நாள் ஈறுல ரத்தம் வரும், வாயில சின்னப் புண்ணு வரும், இருமல் கூடும், மலச்சிக்கல் ஆகும். "பிடிச்சப்ப நல்லாத்தானே இருந்தேன்"னு தோணும், நிஜத்துல உடம்பு சரியாகிட்டு வருது. காப்பி டீயையும் பாதியாக் குறைக்கச் சொல்லுங்க, புகை இருந்தவரைக்கும் உடம்பு காஃபினை வேகமா கரைச்சுத் தள்ளும், புகை நின்னதும் அதே அளவு காப்பி ரெண்டு மடங்கு மாதிரி ஏறும், படபடப்பு வரும், அதை நிக்கோட்டின் ஏக்கம்னு தப்பா எடுத்துக்குவாங்க.

உங்க பங்குக்கு, பாக்கெட்டை ஒளிச்சு வைக்காதீங்க, பிள்ளைங்க முன்னாடி குத்திக் காட்டாதீங்க. ஆசை வந்தா அது மூணுல இருந்து அஞ்சு நிமிசத்துல அடங்கும், அந்த நேரத்துக்கு ஒரு கிளாஸ் தண்ணி, தெருமுனை வரைக்கும் ஒரு நடை. முதல் ரெண்டு வாரம் டீக்கடை வேண்டாம், டீயை வீட்டுலயே போட்டுக் குடுங்க. நடுவுல ஒண்ணு பத்த வச்சிட்டா எல்லாம் போச்சுன்னு இல்ல, எந்த நேரத்துல யார் கூட இருக்கும்போதுன்னு எழுதி வச்சுட்டு அன்னிக்கே திரும்ப ஆரம்பிக்கணும், பெரும்பாலானவங்க பல தடவை விழுந்துதான் விட்டிருக்காங்க.

பல்லு புடுங்கற அன்னிக்கு நீங்களும் கூடப் போங்க. முதல் சிகரெட் எத்தனை மணிக்கு, குன்யா எத்தனை, காப்பு நாள்ல நிறுத்தின கதை, அவரு வேற என்ன மாத்திரை சாப்பிடறாரு எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, பட்டை எந்த அளவுன்னு கேளுங்க, ஒரு வாரம் கழிச்சு குழியைப் பாக்க வரச் சொல்லுவாரு, அன்னிக்கு இதைப் பத்தியும் ரெண்டு நிமிசம் பேசச் சொல்லுங்க. போன தடவை கோவப்பட்டதால டாக்டர் இந்தப் பேச்சையே எடுக்காம விட்டுடலாம், அப்படி விட்டா நீங்களே எடுங்க.