பி.காம். சேரும் மகளுக்கு டேப்லெட் போதுமா?

கடலூர் மஞ்சக்குப்பம் ஐயாவுக்கு வணக்கம். பழைய மேசைக் கணினியைக் கழித்துவிட்டு, பி.காம். சேரும் மகளுக்கு டேப்லெட் மட்டும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், மடிக்கணினியே வாங்குங்கள். கணக்கு எழுதும் மென்பொருளான டேலி பிரைமை விண்டோஸில்தான் நிறுவ முடியும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலோ ஐபேடிலோ முடியாது. எக்செல் அவற்றில் உண்டு, ஆனால் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாக முடிக்கும் மேக்ரோ ஓடாது. 2010இல் ஐபேட் வந்தபோதே கணினியின் காலம் முடிந்தது என்றார்கள். பாடம் பார்க்க அது அருமைதான். நாள் முழுக்கக் கணக்கு எழுத விசைப்பலகை வேண்டும். புயல் மழையில் கடலூரில் மின்சாரம் போனாலும் மடிக்கணினி சில மணி நேரம் தாங்கும். 8 ஜிபி ரேமாவது இருக்கட்டும்.

பழையதைக் கழிக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தாலும், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் வீட்டுக்கு உழைக்கும். அதன் ரேம் எவ்வளவு என்று எழுதுங்கள், அதற்குப் பொருத்தமான லினக்ஸ் வகையைச் சொல்கிறேன்.