ராக்கெட் சத்தமும் சயின்ஸ் குரூப்பும்

(ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் பதில் சொல்கிறார்)

கேள்வி: சார், என் மகள் பத்தாவது முடித்துவிட்டு சயின்ஸ் குரூப்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். டாக்டருக்கோ இன்ஜினீயருக்கோ படிக்க வைக்க எங்களுக்கு வசதி கிடையாது. "அப்புறம் எதுக்கு சயின்ஸ்?" என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?
- மீன் வியாபாரம் செய்யும் ஒரு தாய், ஆரம்பாக்கம்

பதில்: அவர் கேட்பது நியாயம்தான் அம்மா. ஆனால் அறிவியலுக்கு இரண்டே வாசல் என்று யாரோ நம் ஊரை நம்ப வைத்துவிட்டார்கள். பக்கத்தில் பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூவில் உயிரியல் படிக்காதவர்களுக்கு அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் கோடையில் மணல் மூடினால் தண்ணீரில் உப்பு ஏறும், இறால் வரத்து குறையும். உங்கள் வியாபாரத்தில் கைவைக்கிற விஷயம் இது. இதைப் படித்த பெண் வீட்டில் இருந்தால் நஷ்டமா?

சரி, அவளுக்கு நிஜமாகவே ஆர்வமா, தோழிகளைப் பார்த்து வந்த ஆசையா? ஸ்ரீஹரிகோட்டாவில் அடுத்த ராக்கெட் கிளம்பும்போது மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்கள். சவுக்குத் தோப்புக்கு மேல் நெருப்பு தலைகாட்டியதும் விநாடிகளை எண்ணச் சொல்லுங்கள். உறுமல் ஒரு நிமிஷத்துக்கும் மேல் கழித்துத்தான் வந்து ஜன்னலை அதிர வைக்கும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அதனால் எண்ணியதை மூன்றால் வகுத்தால் ஏவுதளம் எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். வரைபடத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். ஏன் குறைந்தது என்று அவளையே கேளுங்கள். தோப்பு மறைத்ததால் கிளம்பிய நொடியைப் பார்க்கவில்லை, எண்ணத் தொடங்கியதே தாமதம் என்று அவளாகச் சொன்னால், யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். (மயில்சாமி அண்ணாதுரை கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்த கதையை எல்லோரும் சொல்லியாயிற்று. நானும் சொல்ல வேண்டாம்.)

கேள்வி: வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். அறிவியலுக்காகப் பையனை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றலாமா?
- ஒரு தந்தை, ஊத்துக்கோட்டை

பதில்: வேண்டாம். இரண்டு மொழியில் சந்தையில் பேரம் பேசுகிற பையன் கலைச்சொற்களைப் பிறகு பிடித்துக்கொள்வான். அவன் பள்ளியில் பிராக்டிகல் வகுப்பு நடக்கிறதா என்று பாருங்கள். பியூரெட்டும் நுண்ணோக்கியும் பீரோவுக்குள் பூட்டியே கிடந்தால், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சாவி யாரிடம் என்று கேளுங்கள். தெலுங்கில் கேட்டாலும் பரவாயில்லை.