தாலந்து உவமைக்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம்: நற்செய்தி நூல்களை விளங்கிக்கொள்ள எது சரியான முறை?

கல்முனைப் பக்கத்தில் ஒரு வேதாகமப் படிப்புக் குழு. கத்தோலிக்கர், மெதடிஸ்தர், புதிய சபைக்காரர் என்று மூன்று பகுதியும் வருகிறார்கள். தாலந்து உவமையில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள், எந்த விளக்க முறை சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இயேசு சொன்ன அந்தக் கதையில் தூரதேசம் போகும் எஜமான் மூன்று வேலைக்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான்; இரண்டு பேர் அதைப் பெருக்குகிறார்கள், மூன்றாமவன் மண்ணில் தாட்டு வைத்து எஜமானிடம் திட்டு வாங்குகிறான். குழுவை நடத்துகிற ஆள் நீங்கள்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முறையைத் தெரிவு செய்யப் போனால் சண்டைதான் மிஞ்சும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கேள்விக்குப் பதில் தேடுகிறது. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதில்தான் அநேகம் பேர் வழுக்குகிறார்கள்.

முதல் வேலை, ஒரு சீ.ஆர். கொப்பியை விரித்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் மத்தேயு 25:14-30, வலப்பக்கம் லூக்கா 19:11-27. இரண்டையும் கையால் எழுதுங்கள், போட்டோக்கொப்பி வேண்டாம். எழுதும்போதுதான் கண்ணில் படும். இரண்டிலும் ஒத்துவருவதற்குச் சிவப்புப் பேனையால் கோடு, மத்தேயுவில் மட்டும் இருப்பதற்கு நீலம், லூக்காவில் மட்டும் இருப்பதற்குப் பச்சை. ஒரு மணித்தியாலம் போதும். பழைய மொழிபெயர்ப்பு ஒரு பக்கம், 1995இல் வந்த திருவிவிலியம் மறுபக்கம் என்று கலந்து எழுதிவிடாதீர்கள். சொல் வித்தியாசமெல்லாம் மொழிபெயர்ப்பாளருடையதா, நற்செய்தியாளருடையதா என்று தெரியாமல் போகும்.

எழுதி முடித்தால் பச்சை நிறைய வரும். லூக்காவில் பத்து வேலைக்காரர், ஆளுக்கு ஒரு மினா காசு. மத்தேயுவில் மூன்று பேர், ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்து. லூக்காவில் எஜமான் ராஜ்யம் வாங்கத் தூரதேசம் போகிறான், குடிமக்கள் பின்னாலேயே தூது அனுப்பி ‘இவன் எங்களை ஆளக்கூடாது’ என்கிறார்கள். மத்தேயுவில் இது இல்லவே இல்லை. இரண்டையும் ஒன்றாக உருக்கி ஒரே கதையாகச் சொல்வதுதான் பிரசங்கங்களில் நடக்கும் முதல் பிழை. இரண்டாம் நூற்றாண்டில் தாசியான் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் நான்கு நற்செய்திகளையும் ஒரே நூலாகக் கோத்தார், சிரிய மொழிச் சபைகள் அதைப் பல காலம் வாசித்தன. ஆனாலும் திருச்சபை கடைசியில் நான்கையும் நான்காகவே வைத்துக்கொண்டது.

இரண்டாவது, காசுக் கணக்கு. ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் நாள் சம்பளம் (மத்தேயு 20:2). ஒரு மினா 100 தெனாரியம். 60 மினா ஒரு தாலந்து, அதாவது 6,000 தெனாரியம். வருசத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால், ஒரு தாலந்து இருபது வருட உழைப்பு. ஐந்து தாலந்து நூறு வருடம். உங்கள் வயல் வட்டையில் வெட்டுக்காரனுக்கு இன்றைக்கு என்ன கூலியோ, அதை 6,000ஆல் பெருக்கிப் பலகையில் எழுதுங்கள். ‘பாவம், அவனுக்கு ஒன்றுதானே கிடைத்தது’ என்ற கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இங்கேதான் மற்றப் பெரிய பிழையும் இருக்கிறது. தாலந்து என்றால் பாட்டு, நடனம், பேச்சு என்று எங்கட சபைகளில் ஊறிப்போயிற்று. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் திறமை என்ற பொருள் வந்ததே இந்த உவமையை அப்படி வாசித்து வாசித்துத்தான். மூலத்தில் அது நிறை, காசு. 15ஆம் வசனத்தைப் பாருங்கள்: ‘அவனவனுடைய திறமைக்குத்தக்கதாக’ தாலந்து கொடுக்கிறான். திறமையைப் பார்த்துத் தாலந்து கொடுத்தால், தாலந்தே திறமையாக இருக்க முடியாது. தாலந்துப் போட்டி வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வையுங்கள்.

மூன்றாவது, காலமும் இடமும். லூக்கா இந்த உவமையை எரிகோவில் வரிக்காரன் சகேயு வீட்டுச் சம்பவத்தோடு ஒட்டி வைக்கிறார். கி.மு. 4இல் ஏரோது ராஜா செத்த பின் அவன் மகன் அர்கெலாயு ராஜ பட்டம் கேட்டு ரோமுக்குப் போனான். அவன் வேண்டாம் என்று சொல்ல யூதர் 50 பேர் பின்னால் போனார்கள். எரிகோவில் அவன் திரும்பக் கட்டிய மாளிகை இருந்தது. யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதிவைத்த செய்தி இது. லூக்காவின் எஜமான் அவன் சாயலில் நிற்கிறான் என்றால், எதிரிகளைக் கொண்டுவந்து கண்முன் வெட்டச் சொல்லும் லூக்கா 19:27ஐ நேரே கடவுளின் வாயில் வைப்பதற்கு முன் ஒரு தரம் யோசிக்க வேண்டும்.

மண்ணில் தாட்டு வைத்தவனை ‘சோம்பேறி’ என்று முதல் வரியிலேயே முடித்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் அது ஒழுங்கான காவல். பணத்துக்கு மண்ணைப் போலக் காவல் இல்லை என்ற கருத்து யூதரின் தல்மூது நூலில் இருக்கிறது. இடம்பெயரும்போது நகையைச் சட்டியில் போட்டு வளவுக்குள் தாட்டவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. வட்டியைப் பொறுத்தவரை, சகோதரனிடம் வாங்காதே என்று உபாகமம் 23:19 தடுக்கிறது. அதே வட்டியை எஜமான் மத்தேயு 25:27இல் கேட்கிறான். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரரிடம் மாட்டிய பெண்கள் உங்கள் குழுவில் இருந்தால், அந்த வசனத்தை அவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். மூன்றாமவன் எஜமானைச் சொல்வதுபோல ‘விதைக்காத இடத்தில் அறுக்கிற’ மனுசன் என்றால் யார் என்று வட்டையில் குனிந்து நிற்பவருக்கு, நிலச் சொந்தக்காரரான போடியாரை விட வேகமாக விளங்கும்.

இந்த இடத்தில், ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்று வாசிக்கும் விடுதலை வாசிப்புக்காரர் ஒரு படி மேலே போய், மூன்றாவது ஆள்தான் வீரன், சுரண்டலுக்கு ஒத்துழைக்க மறுத்தவன் என்பார்கள். நல்ல கேள்வி, ஆனால் மத்தேயு அதற்கு இடம் தரவில்லை. முன்னால் பத்துக் கன்னியர், பின்னால் செம்மறியும் வெள்ளாடும், நடுவில் ‘எஜமானுடைய சந்தோஷத்துக்குள் பிரவேசி’ என்ற அழைப்பு. மத்தேயுவுக்கு எஜமான் திரும்பி வரப்போகும் ஆண்டவர்தான். இயேசு வாயால் சொன்னது, சீடர் பிரசங்கித்தது, நற்செய்தியாளர் எழுதியது என்று மூன்று கட்டம் உண்டு என 1964இல் கத்தோலிக்கத் திருச்சபையின் உரோமை விவிலியக் குழுவே சொல்லிவிட்டது. இயேசுவின் வாயிலிருந்து கலிலேயா விவசாயி கேட்டதும் மத்தேயுவின் சபை கேட்டதும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. இரண்டையும் கொப்பியில் வேறு வேறாக எழுதுங்கள்.

கதையில் வரும் ஒவ்வொன்றும் வேறொன்றைக் குறிக்கிறது என்று உருவகமாக வாசிக்கும் மரபைக் கடைசியில் வையுங்கள். கேலி செய்யவில்லை, பழைய சபைத் தந்தை அகுஸ்தீனாரே அதில் மன்னன். நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டவன் ஆதாம், சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் பவுல் என்று அவர் விளக்கினார். செபத்துக்கு அழகு. ஆனால் லூக்காவின் கதையில் இயேசுவிடம் கேட்ட கேள்வி ‘அயலான் யார்’ என்பது, அது எங்கேயோ போய்விட்டது. ஒரு உவமைக்கு ஒரே கருத்துத்தான் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் யூலிச்சர் என்ற ஜெர்மன் அறிஞர் மறுபக்கம் இழுத்தார், அதுவும் கூடிப்போன இழுவைதான்.

‘ஆவியானவர் விளக்குவார், கொப்பி எதற்கு?’ என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். அப்போஸ்தலர் 8:31இல் வேதம் வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரி, ஒருவர் வழிகாட்டாவிட்டால் எனக்கு எப்படி விளங்கும் என்று பிலிப்புவிடம் சொன்னதை வாசித்துவிட்டு வாருங்கள். வரலாற்று முறை விசுவாசத்தைக் கெடுக்கும் என்று கத்தோலிக்கர் யாரும் சொன்னால், அது இன்றியமையாதது என்று 1993இல் எழுதியதும் அதே விவிலியக் குழுதான். மெதடிஸ்தருக்கு வேதத்தோடு மரபு, பகுத்தறிவு, அனுபவம் மூன்றும் சேர்த்துப் பார்ப்பது புதிதும் அல்ல.

கூட்டத்தில் இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: லூக்காவில் பத்துப் பேருக்கு மினா கொடுத்தான், கணக்குக் கொடுத்தது மூன்று பேர், மற்ற ஏழு பேரும் எங்கே? லூக்கா சொல்லவில்லை. கொப்பி ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போங்கள். ஏழுக்கு ஏழு கருத்துத் தேடத் தொடங்கினால் மறுகா சத்திரக்காரன் பவுலாகத்தான் வந்து நிற்பான்.