போர்ட் எண்ணை விடுங்கள், பிஐடியைப் பிடியுங்கள்

கேள்வி: என் விண்டோஸ் 10 லேப்டாப்பை அதிலிருந்தே ஸ்கேன் செய்தேன். 135, 445, 5040, 7680, 49664 முதல் 49669 வரை போர்ட்கள் திறந்திருக்கின்றன. கூகுளில் தேடினால் சில எண்களுக்கு டிரோஜன் (நல்ல புரோகிராம் போல வேஷம் போட்டு நுழையும் தீநிரல்) பெயர்கள் வருகின்றன. எதையெல்லாம் மூடுவது?

பதில்: முதலில் அந்த டிரோஜன் பட்டியல்களை மூடுங்கள். பல, இருபது வருடப் பழசு. போர்ட் என்பது புரோகிராம்கள் நெட்வொர்க்கில் பேசுவதற்கான எண்ணிட்ட வாசல். எந்த புரோகிராமும் எந்த எண்ணிலும் உட்காரலாம். எண்ணை வைத்து ஆளைச் சொல்வது ஜோசியம்தான்.

ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டரைத் தேடித் திறந்து, நெட்வொர்க் டேபில் 'லிசனிங் போர்ட்ஸ்' பகுதியை விரியுங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் எதிரே புரோகிராமின் பெயரும் பிஐடியும் (ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் விண்டோஸ் தரும் அடையாள எண்) இருக்கும். முகவரியில் 'லூப்பேக்' என்றிருந்தால் அது உங்கள் கணினி தனக்குள் பேசிக்கொள்வது, விட்டுவிடலாம்.

எஸ்விசிஹோஸ்ட் (svchost.exe) என்று வந்தால்தான் குழப்பம். அது ஒரு சத்திரம் மாதிரி, உள்ளே வெவ்வேறு சர்வீஸ்கள் (பின்னணியில் ஓடும் விண்டோஸ் வேலைகள்) தங்கியிருக்கும். டாஸ்க் மேனேஜரில் சர்வீசஸ் டேபுக்குப் போய் அதே பிஐடியைத் தேடுங்கள், உள்ளே யார் என்று தெரிந்துவிடும். அந்த ஃபைல் இருக்கும் இடத்தையும் பாருங்கள். சிஸ்டம்32 ஃபோல்டரில் இருந்தால் சரி. அதே பெயரில் ஆப்டேட்டாவிலோ டவுன்லோட்ஸிலோ இருந்தால் போலி.

நீங்கள் கொடுத்த எண்கள் எல்லாமே வழக்கமாக விண்டோஸ் திறப்பவைதான். 135, ஆர்பிசி (ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் வேலை வாங்கும் முறை) சேவைகளுக்கான விசாரணை கவுண்டர். 49664-இல் தொடங்குபவை அந்தச் சேவைகள் பூட் ஆகும்போது எடுத்துக்கொள்பவை. 5040, மற்ற சாதனங்களோடு இணைவதற்கான சர்வீஸ். 7680, அப்டேட்களைப் பக்கத்துக் கணினிகளோடு பகிர்வது. டெலிவரி ஆப்டிமைசேஷன் செட்டிங்கில் நிறுத்திவிடலாம்.

கவனிக்க வேண்டியது 445, ஃபைல் ஷேரிங். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை தீநிரல் பரவியது இந்த வழியாகத்தான். இதன் பிஐடி 4, பெயர் 'சிஸ்டம்' என்று காட்டும். அது கெர்னல், அதாவது விண்டோஸின் மையப்பகுதி, பயம் வேண்டாம். ஃபைல் பகிராதவர் என்றால் வைஃபையை 'பப்ளிக்' புரொஃபைலுக்கு மாற்றுங்கள். ரவுட்டரில் இதை ஒருபோதும் திறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, சொந்தக் கணினியிலிருந்து தன்னையே ஸ்கேன் செய்தால் ஃபயர்வால் குறுக்கே வராது, புரோகிராம்கள் காத்திருக்கும் போர்ட்கள் எல்லாமே திறந்ததாகத்தான் தெரியும். அதே வைஃபையில் உள்ள இன்னொரு கணினியிலிருந்து ஸ்கேன் செய்யுங்கள், பட்டியல் பெரும்பாலும் சுருங்கிவிடும். அதன்பிறகும் பெயர் தெரியாத, டிஜிட்டல் கையொப்பமில்லாத புரோகிராம் ஏதாவது மிஞ்சினால் நெட்டைத் துண்டித்துவிட்டு டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள்.