சேலத்து மாடித்தோட்டம்: உரத்தை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் இருக்கிறோம். வீட்டில் நாலு பேர். 400 சதுர அடி மொட்டை மாடியில், தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகளில் தக்காளி, பீன்ஸ், கேரட், வெண்டை, கீரை போட்டிருக்கிறோம். போர் தண்ணீர்தான். பீன்ஸ் இலை ஓரம் கருகுகிறது, வெண்டைக் கொழுந்து வெளுக்கிறது, சித்திரை பிறந்ததிலிருந்து தக்காளியில் ஒரு பூ நிற்பதில்லை. அடுப்புச் சாம்பல் போட்டால் சரியாகும் என்கிறார் மாமியார். போடலாமா? காய்கறி வாங்குவதை நிறுத்தும் அளவுக்கு விளையுமா?

பதில்: சாம்பல் வேண்டாம். செம்மண் காட்டில் அது நல்ல உரம்தான், மாமியார் சொல்வதில் தப்பில்லை. ஆனால் உங்கள் பைகளில் ஏற்கெனவே காரத்தன்மை (புளிப்புக்கு, அதாவது அமிலத்துக்கு எதிரானது) கூடியிருக்கிறது, சாம்பலும் காரம். முட்டை ஓட்டுத் தூளுக்கும் இதே பதில்தான்.

பையின் விளிம்பிலும் அடியில் தண்ணீர் வழியும் துளையைச் சுற்றியும் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா பாருங்கள். அதைச் சுரண்டி எடுத்து இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டியெடுக்கும் ஊர் இது. பல இடங்களில் போர் தண்ணீர் கடினமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. சுண்ணாம்பு ஏறிய பையில் இரும்புச்சத்து இருந்தாலும் வேர் எடுக்க முடியாது. அதனால்தான் கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. முதிர்ந்த இலையின் ஓரம் கருகுவது வேறு கதை, பெரும்பாலும் உப்பு. நார்க்கழிவைக் கழுவாமல் நிரப்பியிருந்தால் அதன் உப்பும் சேர்ந்திருக்கும்.

கொழுந்து வெளுத்த செடிக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. பறிக்கப்போகும் கீரையில் மட்டும் தெளிக்காதீர்கள்.

இது தற்காலிக வைத்தியம்தான். தண்ணீர் மாறாமல் நோய் போகாது. மாநகராட்சிக் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரைப் பாதிக்குப் பாதியாவது கலந்து ஊற்றுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆர்.ஓ. கழிவுநீரைத் தொடாதீர்கள், போர் தண்ணீரைவிட மோசம். மழைநீருக்கு நிகர் எதுவும் இல்லை: 1 செ.மீ. மழைக்கு உங்கள் மாடியில் சுமார் 370 லிட்டர் விழும். கோடை மழைக்கு முன்னால் ஒரு டிரம் வாங்கி வைத்தால் வீண் போகாது. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீரை ஒவ்வொரு பையிலும் அடியில் நன்றாக வழியும்வரை ஊற்றினால் தேங்கிய உப்பும் கழுவிப் போய்விடும்.

அப்புறம், எதைப் போடுவது. பீன்ஸையும் கேரட்டையும் விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் குளிர்ச்சி வேண்டும், இரண்டும் உப்பைத் துளியும் தாங்காது. ஏற்காட்டில் விளைவது அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்கு வரட்டும், வாங்கிக்கொள்வோம். சின்ன வெங்காயமும் உப்புக்கு முகம் சுளிக்கும் சாதிதான். அந்தப் பைகளில் கொத்தவரையும் காராமணியும் போடுங்கள். வெயிலையும் உப்பையும் ஒருசேரத் தாங்குவதில் இவற்றை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஏனோ மாடித்தோட்டக்காரர்கள் கொத்தவரையைக் கண்டுகொள்வதே இல்லை.

தக்காளிக்கு மருந்து தேவையில்லை. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். சித்திரையில் காங்கிரீட் தளத்தின் மேல் வேறென்ன நடக்கும்? ஆடியில் விதைத்து ஆவணியில் நாற்றை நடுங்கள், ஐப்பசியிலிருந்து பறிக்கலாம். கத்தரியும் அந்தப் பட்டத்துக்கே போகட்டும்.

கடைசிக் கேள்விக்கு ஒரு கணக்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, கீரை வேண்டும். நாலு பேருக்கு மாதம் 48 கிலோ. 400 சதுர அடியில், நடக்க வழியும் விட்டு, அதை எடுப்பது நடக்காத காரியம். கீரையை மட்டும் கடையில் வாங்காமல் இருக்கலாம். சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். வாரத்துக்கு இரண்டு பை வீதம் மாற்றி மாற்றி விதைத்தால் இடைவெளி விழாது. மணத்தக்காளி இரண்டு பை, பொன்னாங்கண்ணி இரண்டு பை நிரந்தரமாக இருக்கட்டும். காம்பவுண்டு ஓரம் தரையில் இடம் இருந்தால் ஒரு முருங்கைப் போத்து ஊன்றுங்கள். இத்தனை பையும் சேர்ந்து தராத கீரையை அது ஒன்றே தரும்.

புதிதாகப் பை வாங்குவதற்கு முன் அரை லிட்டர் போர் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மோட்டாரைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகு பிடிக்க வேண்டும், தொட்டியில் நின்ற தண்ணீர் வேண்டாம்.